தர்மானந்த கோசம்பி: தென்னந்தோப்பிலிருந்து விசுத்திமார்க்கம் வரை

கோசம்பி என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருபவர் டி.டி.கோசம்பிதான். கணித அறிஞர், நாணயவியல் ஆய்வாளர், 1956ல் வெளிவந்த ஒரே நூலால் இந்திய வரலாற்றெழுத்தின் திசையை மாற்றியவர். அவருடைய தந்தை தர்மானந்த கோசம்பியை அறிந்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. மகனின் நூல்களில் காணப்படும் சில அடிப்படைப் பழக்கங்கள், அதாவது மூலநூலைத் தானே திறந்து பார்ப்பது, புராணத்தைப் புராணமென்று சொல்லத் தயங்காதது, பேரரசர்களைவிட வயலையும் ஆற்றையும் கவனிப்பது ஆகியவை, தந்தையிடம் ஏற்கெனவே இருந்தவை. ஆனால் தந்தையின் முக்கியத்துவம் அதோடு முடிவதல்ல. இந்தியாவில் பாலி மொழிக் கல்வி நவீனப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்ததற்கும், புத்தரின் வாழ்க்கையை ஒரு இந்திய மொழியில் விமர்சன நோக்கோடு எழுத முடியும் என்று நிறுவப்பட்டதற்கும் அவர் முதன்மையான காரணகர்த்தர்களில் ஒருவர். இத்தனைக்கும் முறையான பள்ளிப்படிப்பு அவருக்கு மிகச் சொற்பமாகவே வாய்த்தது.

1876 அக்டோபர் 9ஆம் நாள், போர்ச்சுகீசிய ஆட்சியிலிருந்த கோவாவின் சாங்க்வாள் என்ற சிற்றூரில், கௌட சாரஸ்வத பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பத்துக்குச் சோறு போட்டது தென்னந்தோப்பு. இளமையின் பெரும்பகுதி அந்தத் தோப்பைப் பார்த்துக்கொள்வதிலேயே கழிந்தது. பதினைந்து வயதை ஒட்டித் திருமணமும் நடந்துவிட்டது. ஊரில் கிடைத்த மராத்தி நூல்களையும் இதழ்களையும் தவிர அறிவுக்கு வேறு வாசல் இல்லை. அப்படிக் கிடைத்த இதழ்களில் ஒன்று சிறுவர்களுக்கான ‘பாலபோத்’. 1897ல் அதில் வந்திருந்த புத்தரின் வாழ்க்கைக் குறிப்பைப் படித்தார். சிறுவர்களுக்காக எழுதப்பட்ட ஓர் எளிய கட்டுரைதான். இருபத்தோரு வயது இளைஞனின் வாழ்க்கையை அது திருப்பிப் போட்டது. இந்த மனிதரைப் பற்றி முழுமையாகத் தெரிந்துகொள்ளாமல் வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் அவருள் விழுந்துவிட்டது.

1899ன் இறுதியில் அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மனைவி பாலாபாய். அவர்களுக்கு மாணிக் என்ற கைக்குழந்தை இருந்தது. இதைக் கடந்து போய்விட முடியாது. அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளில் ‘வீட்டைத் துறந்தார்’ என்ற இரு சொற்களுக்குள், திரும்பி வருவாரா என்று தெரியாமல் வருடக்கணக்கில் காத்திருந்த ஒரு பெண்ணின் நாட்கள் மறைந்து கிடக்கின்றன. பாலாபாய் எந்த நூலும் எழுதவில்லை. கணவர் மராத்தியில் எழுதிய ‘நிவேதன்’ (1924) என்ற தன்வரலாறு மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. பின்னாளில் பேத்தி மீரா கோசம்பி தாத்தாவின் எழுத்துகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெண்களின் வரலாற்றை ஆராய்வதையே தன் துறையாகக் கொண்டிருந்த ஒருவர் அந்தப் பணியைச் செய்தார் என்பதில் ஒரு பொருத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

*

முதலில் புனே. சமஸ்கிருதம் தெரியாமல் பௌத்தத்தைக் கற்க இயலாது என்று நினைத்தார். அங்கே ஆர்.ஜி.பண்டார்கரைச் சந்தித்தார். பின்னர் குவாலியர் வழியாகக் காசி. சத்திரச் சோறு உண்டு, வறுமையில் உழன்று, மரபான பண்டிதர்களிடம் சமஸ்கிருத இலக்கணம் கற்றார். ஆனால் புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத்துக்கு அருகிலேயே இருந்த அந்த நகரில் பௌத்தத்தைச் சொல்லித்தர எவரும் இல்லை. புத்தர் பிறந்த மண் என்று நேபாளத்துக்குப் போனார். 1902ல் காத்மாண்டுவில் அவர் கண்ட பௌத்தம் அவரைக் கசப்படைய வைத்தது. அங்கிருந்து புத்தகயை. இலங்கைக்குப் போனால்தான் பாலி கற்க முடியும் என்பது அங்கேதான் தெரியவந்தது. கல்கத்தாவின் மகாபோதி சங்கத்தார் வழிகாட்டினார்கள்.

இந்த அலைச்சல் ஓர் உண்மையை நமக்குக் காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் ஒருவன் பௌத்தத்தை அதன் மூலமொழியில் கற்க விரும்பினால் அவன் கடல் கடந்தாக வேண்டும். பௌத்தம் பிறந்த நாட்டில் அதன் பிடகங்களைச் சொல்லித்தரும் பள்ளி இல்லை. லண்டனில் ரைஸ் டேவிட்ஸ் 1881ல் பாலி நூற்கழகத்தை நிறுவி, மூலநூல்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டுக்கொண்டிருந்தார். கோசம்பிக்கு அந்த ரோமன் எழுத்தும் அப்போது பழக்கமில்லை.

1902ல் கொழும்பு வித்யோதயப் பிரிவேனாவில் சேர்ந்தார். அதன் தலைவர் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கலர் அக்காலத்து இலங்கையின் மாபெரும் பௌத்த அறிஞர். அவரிடம் சாமணேரராகத் துறவு ஏற்றார் கோசம்பி. தமிழ் வாசகர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1898ல், அதே சுமங்கலரிடம் சென்று பஞ்சசீலம் ஏற்றவர் அயோத்திதாசப் பண்டிதர். கோவாவிலிருந்து ஒரு சாரஸ்வத பிராமணர், சென்னையிலிருந்து ஒரு தலித் சித்த மருத்துவர். இருவரும் ஒரே முதியவரின் முன் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் பௌத்தத்தைத் தன் மக்களின் இழந்துபோன பூர்வீகமாக மீட்க வந்தவர். மற்றவர் தான் பிறந்த மரபுக்குள் கிடைக்காத ஒன்றைத் தேடி வந்தவர். நவீன இந்திய பௌத்தத்தின் இரு வேறு ஊற்றுகள் கொழும்பின் ஒரே விகாரையைத் தொட்டுச் செல்கின்றன.

இலங்கை உணவு கோசம்பியின் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1903ல் சென்னைக்கு வந்தார். அப்போது சென்னையில் ம.சிங்காரவேலு, பேராசிரியர் பி.லட்சுமி நரசு ஆகியோரைச் சுற்றி ஒரு பௌத்த வட்டம் இயங்கிவந்தது. பின்னாளில் தென்னிந்தியாவின் முதல் கம்யூனிஸ்ட் என்று அறியப்பட்ட அதே சிங்காரவேலர்தான். பகுத்தறிவும் சமூக நீதியும் பௌத்தத்தின் உள்ளுறை என்று கருதிய அந்த வட்டத்தோடு கோசம்பிக்கு ஏற்பட்ட பழக்கம் குறுகியது. ஆயினும் பிற்காலத்தில் அவர் சென்றடைந்த இடத்தைப் பார்க்கும்போது அந்தச் சந்திப்பு பொருளற்றதாகத் தோன்றவில்லை.

அடுத்து பர்மா. 1904ல் அங்கே முழுத் துறவு பெற்று பிக்குவானார், பர்மிய எழுத்தைக் கற்றார், தியானம் பயின்றார். சிங்கள எழுத்தோடு பர்மிய எழுத்தும் கைவந்தது பிற்பாடு அவருடைய பெருஞ்செல்வமாயிற்று. பாலிக்கென்று தனி எழுத்து கிடையாது. சிங்களத்திலும் பர்மியத்திலும் தாய் எழுத்திலும் சுவடிகள் இருந்தன. அவற்றை ஒப்பிட்டுப் படிக்கக்கூடியவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

*

1906ல் அவர் கல்கத்தாவில் இருந்தார். காவியுடையை நீக்கி இல்லறத்துக்கும் திரும்பினார். தேசியக் கல்லூரியில் பாலி கற்பித்தார். பன்மொழி அறிஞர் ஹரிநாத் டே அவரிடம் பாலி பயின்றார். ஹரிநாத்தின் தூண்டுதலாலும் அசுதோஷ் முகர்ஜியின் ஆதரவாலும் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலி இடம்பெற, கோசம்பி அங்கே ஆசிரியரானார். தென்னந்தோப்பிலிருந்து வந்தவருக்கு ஏழே ஆண்டுகளில் பல்கலைக்கழகப் பதவி. எவரும் நிம்மதியடையும் இடம் இது.

அந்த இடத்தில்தான் அவர் ஒரு முடிவெடுத்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் ஐம்பது ரூபாய் தருவதாகச் சொன்னார். மகாராஷ்டிரத்தின் ஏதாவதொரு நகரில் தங்கி, ஆண்டுக்கு ஒரு நூல் எழுதித் தர வேண்டும் என்பதே நிபந்தனை. கல்கத்தாவில் அதைவிடப் பல மடங்கு ஊதியம் தந்து அவரைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பினார்கள். கோசம்பி ஐம்பது ரூபாயைத் தேர்ந்தார். தான் தேடி அலைந்து பெற்றதைத் தன் மொழி பேசுபவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே காரணம். தன் வாழ்க்கையை மாற்றியது ஒரு மராத்திச் சிறுவர் இதழின் கட்டுரை என்பதை அவர் மறக்கவில்லை போலும். 1910ல் ‘புத்த, தர்ம ஆணி சங்க’ என்ற சிறுநூல் வந்தது. எளிய மராத்தி, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் பாலி மூலம்.

கோசம்பியின் வாழ்க்கை முழுவதையும் இயக்கிய கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன். புலமை எவருக்காக? அவர் வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தக் கேள்வி எழுகிறது. ஒவ்வொரு முறையும் அவர் அதற்கு விலை கொடுத்துப் பதில் சொல்கிறார்.

அந்த விலை மிகத் துலக்கமாகத் தெரிவது ஹார்வர்டில். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய ‘விசுத்திமார்க்கம்’ தேரவாத பௌத்தத்தின் தலையாய நூல். ஒழுக்கம், தியானம், ஞானம் என்ற மூன்று படிகளையும் முழுமையாக விளக்குவது. அமெரிக்க அறிஞர் ஹென்றி கிளார்க் வாரன், வாழ்நாள் முழுதும் உடல்நலம் குன்றியிருந்தவர், சிங்கள, பர்மியச் சுவடிகளை ஒப்பிட்டு இதன் மூலபாடத்தைத் தயாரித்துவந்தார். 1899ல் பணி முடியுமுன் மறைந்தார். அதை நிறைவு செய்யும் பொறுப்பு ஹார்வர்ட் கீழைத்தேய நூல்வரிசையின் ஆசிரியர் சார்லஸ் லான்மனிடம் இருந்தது. இந்தியாவில் கோசம்பியைச் சந்தித்திருந்த ஜேம்ஸ் வுட்ஸ் அவரை அழைக்க, 1910ல் கோசம்பி அமெரிக்கா சென்றார்.

இரண்டு ஆண்டுகள் உழைத்தார். பின் லான்மனோடு முரண்பாடு மூண்டது. நூலில் எவர் பெயர் எந்தத் தகுதியில் இடம்பெறும் என்பதே சிக்கல். வாரனுக்கு இணையான பதிப்பாசிரியராகக் கோசம்பியை ஏற்க லான்மனுக்கு மனமில்லை. பாடத்தைத் திருத்தும் வேலையில் உதவும் ஓர் இந்தியப் பண்டிதர் என்ற இடம் போதும் என்று கருதினார். 1912ல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு கோசம்பி நாடு திரும்பினார்.

இது தனிமனிதர்களின் அகந்தைச் சண்டை மட்டுமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கீழைத்தேயவியல் முழுவதிலும் இந்த வேலைப் பிரிவினை இருந்தது. சுவடியைப் படித்துச் சொல்பவர், பொருள் விளக்குபவர், ஐயம் தீர்ப்பவர் எல்லாம் ‘பண்டிதர்’. தலைப்புப் பக்கத்தில் பெயர் இருப்பவர் ‘அறிஞர்’. முன்னுரையில் நன்றி சொல்லப்பட்டதோடு மறக்கப்பட்ட பண்டிதர்கள் எத்தனையோ பேர். அந்த ஏற்பாட்டை மறுத்து எழுந்து சென்ற முதல் தலைமுறை இந்தியர்களில் கோசம்பி ஒருவர்.

ஆனால் வேலையை அவர் கைவிடவில்லை. மீண்டும் மூன்று முறை ஹார்வர்டுக்குச் சென்றார். 1918ல் போனபோது மகள் மாணிக்கையும் பதினோரு வயது மகன் தாமோதரையும் உடன் அழைத்துச் சென்றார். டி.டி.கோசம்பி ஹார்வர்டில் கற்க நேர்ந்த பின்னணி இதுவே. கடைசியாக 1932ல் பதிப்புப் பணி முடிந்தது. முடிந்தும் நூல் வெளிவரவில்லை. ஹார்வர்ட் பதிப்பு அச்சேறியது 1950ல். வாரன் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின், லான்மனும் கோசம்பியும் இல்லாத காலத்தில். வாரன் பதிப்பித்தது, தர்மானந்த கோசம்பி திருத்தியது என்று அதன் தலைப்புப் பக்கம் சொல்கிறது.

கோசம்பி அதற்காகக் காத்திருக்கவில்லை என்பதுதான் முக்கியம். 1940லேயே விசுத்திமார்க்கத்தைத் தேவநாகரி எழுத்தில் பம்பாயின் பாரதீய வித்யா பவன் வழியாக வெளியிட்டுவிட்டார். ரோமன் எழுத்து படிக்கத் தெரியாமல், கடல் கடந்து போய்க் கற்க வேண்டியிருந்த அந்தப் பழைய இளைஞனைப் போன்றவர்களுக்கான பதிப்பு அது. தொடர்ந்து அந்த நூலுக்குப் பாலியிலேயே ஓர் உரையும், காஞ்சியோடு தொடர்புடையவராகக் கூறப்படும் அநுருத்தரின் ‘அபிதம்மத்த சங்கக’த்துக்கு ‘நவநீத டீகா’ (1941) என்ற உரையும் எழுதினார். பாலியில் உரை எழுதும் மரபு பல நூற்றாண்டுகளாக இந்தியாவில் அறுபட்டுக் கிடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

புத்தகோசரைப் பற்றிய அவருடைய முடிவும் நமக்கு அக்கறைக்குரியது. இலங்கைக் கதைமரபு புத்தகோசரைப் புத்தகயைப் பகுதியில் பிறந்த பிராமணராகச் சித்திரிக்கிறது. கோசம்பி இதை ஏற்கவில்லை. புருஷ சூக்தத்தின் புகழ்பெற்ற கருத்தைக்கூட அறியாதவராகப் புத்தகோசர் ஓரிடத்தில் உரை எழுதுவதைச் சுட்டி, அவர் பிராமணராக இருந்திருக்க முடியாது என்றார். உரைகளின் முடிவுரைகளில் வரும் ஊர்ப்பெயர்கள் தென்னாட்டைச் சேர்ந்தவை. அங்குத்தர நிகாய உரையின் முடிவில் காஞ்சிபுரமே பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. புத்தகோசர் ஆந்திர நாட்டு வேளாண்குடியில் வந்தவர் என்பது கோசம்பியின் துணிபு. முடிவோடு உடன்படாதவர்கள்கூட அவர் கேள்வி கேட்ட விதத்தை மறுக்க முடியாது. புனிதக் கதையை ஒதுக்கிவிட்டு நூலாசிரியரின் சொந்தச் சொற்களிலிருந்தே அவரைக் கண்டெடுக்க முயன்றார்.

*

இந்த முறையின் உச்சம் மராத்தியில் எழுதப்பட்ட ‘பகவான் புத்த’ (1940-41). சித்தார்த்தன் ஏன் வீட்டைவிட்டுச் சென்றான்? நாம் எல்லோரும் அறிந்த பதில், தேரில் செல்லும்போது முதியவனையும் நோயாளியையும் பிணத்தையும் துறவியையும் கண்டான், நள்ளிரவில் உறங்கும் மனைவியையும் குழந்தையையும் பார்த்துவிட்டு ஓசையின்றி வெளியேறினான் என்பது. எட்வின் ஆர்னால்டின் காவியம் இதை உலகெங்கும் பரப்பியது. அதன் மராத்தி வடிவத்தைத் தன் இளமையில் உருகி வாசித்தவர் கோசம்பி. அவரே அதைக் கலைத்துப் போட்டார்.

நான்கு காட்சிகளின் கதை தீக நிகாயத்தின் மகாபதான சுத்தத்தில் வருகிறது. ஆனால் அங்கே அது கௌதமரின் கதையல்ல, முந்தைய புத்தரான விபஸ்ஸியின் கதை. அங்கிருந்து இங்கே ஏற்றப்பட்டது என்கிறார் கோசம்பி. மஜ்ஜிம நிகாயத்தின் அரியபரியேசன சுத்தத்தில் புத்தரே தன் துறவைச் சொல்கிறார். தாயும் தந்தையும் கண்ணீரோடு நிற்க, அவர்களுடைய விருப்பத்துக்கு மாறாகத் தலைமுடியைக் களைந்து துறவாடை அணிந்ததாக அதில் வருகிறது. அப்படியானால் நள்ளிரவு வெளியேற்றம் எங்கே? சுத்தோதனர் மாமன்னரும் அல்ல. சாக்கியர்கள் கோசல அரசுக்கு அடங்கிய ஒரு சிறு குடியரசு. அதன் தலைவர்களில் ஒருவர் சுத்தோதனர், அவ்வளவே.

காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும். சுத்தநிபாதத்தின் அத்ததண்ட சுத்தத்துக்குக் கோசம்பி வருகிறார். ஆயுதம் ஏந்துவதிலிருந்தே அச்சம் பிறப்பதையும், சுருங்கிவரும் நீரில் மீன்கள் துடிப்பதுபோல் மக்கள் ஒருவரோடொருவர் பகைத்துத் துடிப்பதையும் கண்டு தன் உள்ளம் எப்படிக் கலங்கியது என்று புத்தர் அதில் கூறுகிறார். சாக்கியருக்கும் கோலியருக்கும் ரோகிணி ஆற்று நீருக்காக நடந்த பூசலை பௌத்த மரபு நினைவில் வைத்திருக்கிறது. இரண்டையும் இணைத்தார் கோசம்பி. உறவினர்களான இரு குடிகள் நீருக்காக ஒருவரையொருவர் கொல்லத் துணிந்ததைக் கண்டு, ஆயுதத்தால் தீராத பகைக்கு வேறு தீர்வு தேடியே சித்தார்த்தன் புறப்பட்டான் என்றார்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அத்ததண்ட சுத்தத்தில் ரோகிணியின் பெயர் இல்லை. அதை ரோகிணிப் பூசலோடு பொருத்துவது பிற்கால உரைமரபு. அந்த மரபிலும் பூசல் நடப்பது புத்தர் ஞானம் பெற்ற பின்புதான். ஆகவே கோசம்பியின் முடிவு நிறுவப்பட்ட வரலாறு அல்ல, வலுவான ஓர் ஊகம். ஆயினும் அது செய்த காரியம் பெரிது. முதுமையும் மரணமும் தந்த தனிமனிதத் துயரத்திலிருந்து, மனிதர் மனிதருக்கு இழைக்கும் துயரத்தை நோக்கி புத்தரின் கேள்வியை அது நகர்த்தியது. 1957ல் வெளிவந்த அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் நான்கு காட்சிகள் மறுக்கப்பட்டு, ரோகிணிப் பூசலே சித்தார்த்தனின் வெளியேற்றத்துக்குக் காரணமாகிறது. இன்று இலட்சக்கணக்கான நவயான பௌத்தர்கள் அறிந்த புத்தர், ஓர் ஆற்றுச் சண்டையில் போரை எதிர்த்து நின்ற இளைஞர். அந்தச் சித்திரத்தை அதற்கு முன்பே வரைந்து வைத்தவர் கோசம்பி.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. கைக்குழந்தையையும் மனைவியையும் விட்டுச் சென்ற ஒரு மனிதர், முதுமையில், அப்படியே விட்டுச் சென்ற இன்னொருவரின் கதையை ஆராய்கிறார். உறங்குபவர்களை விட்டு நழுவிச் சென்றவர் அல்ல அவர், அழுகிறவர்களின் முகத்தைப் பார்த்தபடியே சென்றவர் என்று கண்டடைகிறார். சான்றுகள் அவரை அங்கே கொண்டுசென்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கண்ணீரின் முன் அவர் நெடுநேரம் நின்றிருப்பார்.

*

மற்றவை விரைந்து சொல்லத்தக்கவை. 1912 முதல் 1918 வரை புனே ஃபெர்குசன் கல்லூரியில் பாலி கற்பித்தார். பி.வி.பாபட் போன்ற மாணவர்கள் உருவானார்கள். 1922 முதல் காந்தியின் குஜராத் வித்யாபீடத்தில் பணியாற்றினார். 1929ல் லெனின்கிராடில் ஷெர்பாட்ஸ்கியின் நிறுவனத்துக்குப் பாலி கற்பிக்கச் சென்று, சமதர்ம ஆட்சியை நேரில் கண்டு திரும்பினார். 1930ல் உப்புச் சத்தியாகிரகத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1937ல் பம்பாய் பரேலில், ஆலைத் தொழிலாளர்களும் ஒடுக்கப்பட்டோரும் வாழும் பகுதியில், ‘பகுஜன விகாரம்’ அமைந்தது. பதவிகள் எதிலும் அவர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. புத்தர் பன்றியிறைச்சி உண்டார் என்றும், பண்டைச் சமணத் துறவிகளும் புலால் உண்டனர் என்றும் நூற்சான்றோடு எழுதியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆனால் அதே சமணத்தின் ஒரு வழக்கம்தான் அவருடைய இறுதியைத் தீர்மானித்தது. பார்சுவநாதரின் சாதுர்யாம தர்மத்தைப் பற்றிய அவருடைய நூல் மறைவுக்குப் பின் 1949ல் வெளிவந்தது. உடல் உழைப்புக்குப் பயன்படாமல், பிறருக்குச் சுமையாகும் நிலையில் உணவைத் துறந்து விடைபெறுவது சரியென்று அவர் கருதினார். தமிழர்கள் வடக்கிருத்தல் என்று அறிந்த அதே வழி. 1946ல் உண்ணாநோன்பைத் தொடங்கியபோது காந்தி தடுத்தார். நிறுத்தினார். உடல் தேறவில்லை. 1947 ஜூன் 4ஆம் நாள் சேவாகிராமத்தில், மீண்டும் உணவைத் துறந்த நிலையில், உயிர் பிரிந்தது. நாட்டுப் பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்ட மறுநாள் அது. மறுநாள் டெல்லிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் காந்தி அவரை நினைவுகூர்ந்து பேசினார். எல்லைக் கோடுகளைப் பற்றிய பேச்சில் அந்த மரணம் கவனிக்கப்படாமல் போனதில் வியப்பில்லை.

தமிழ்ச் சூழலோடு வைத்துப் பார்க்கும்போது ஒரு ஒப்புமை எழுகிறது. கோசம்பி கல்கத்தாவில் பாலி கற்பித்துக்கொண்டிருந்த 1907ல்தான் சென்னையில் இரு நிகழ்வுகள். லட்சுமி நரசுவின் ‘பௌத்தத்தின் சாரம்’ ஆங்கிலத்தில் வெளிவந்தது. அயோத்திதாசரின் இதழ் தொடங்கியது. அதில் அவர் ‘ஆதிவேதம்’ என்ற பெயரில் புத்த சரிதத்தைத் தமிழில் எழுதினார். அவருடைய ஆதாரம் தமிழ் நூல்களும் வழிவழி வந்த செய்திகளும். கோசம்பியுடையது பாலிச் சுவடிகள். ஒருவர் நினைவிலிருந்து புத்தரை மீட்டார், மற்றவர் மூலபாடத்திலிருந்து. முறைகளில் எவ்வளவோ தொலைவு. இருவரும் உலகறிந்த மொழியை விட்டுத் தம் மக்களின் மொழியில் எழுதினார்கள் என்பதில் மட்டும் தொலைவில்லை. அந்த இரண்டாவது பாதை, பாலி மூலத்தைத் தானே கற்றுத் தமிழில் எழுதும் பாதை, நம்மிடம் இன்னும் ஒற்றையடிப் பாதையாகவே இருக்கிறது.

‘பகவான் புத்த’ சாகித்ய அகாதெமியால் இந்திய மொழிகள் பலவற்றில் கொண்டுவரப்பட்டது. காண்டேகரைத் தமிழாக்கிய கா.ஸ்ரீ.ஸ்ரீ. இதையும் தமிழாக்கியிருக்கிறார். பழைய நூலகங்களில் தேடினால் அகப்படும். நண்பர்கள் கண்ணில் பட்டால் விட்டுவிட வேண்டாம். முதலில் துறவைப் பற்றிய அத்தியாயத்தைப் படியுங்கள். ஆற்று நீருக்காக அண்டை மக்கள் பகைத்து நிற்பதைக் கண்டு ஒருவன் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி, காவிரிக் கரையிலிருந்து வாசிப்பவர்களுக்குத் தொலைவான கேள்வியாக இருக்காது.